அன்னாசியும் அதன் உருவொத்த கனிகளும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது அங்கத்தினர்கள் ஆய்வாளரிடம் கேட்கும் கேள்விகள் யாவும் பங்குத் தொகையையும் கடன் தவணையையும் பற்றியனவாகவே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கடற்கரையை அடுத்த ஊர்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. “நம் தாழம் புதர்களில் அன்னாசியைப் போலவே காய் தொங்குகிறதே, அது காட்டு அன்னாசிதானே? அதைத் திருத்திப் பயிரிட்டால் விலைபோகுமா? அன்றித் தாழையை வெட்டி எறிந்துவிட்டு அவ்விடத்தில் உண்மையான அன்னாசியை நட்டால் சங்கம் கடன் கொடுக்குமா?” என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் அறியாமையால் கேட்பதாக எவரும் நகைத்தல் வேண்டா. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியோர் உலகில் பலர். ஆயினும் கடன் மனுவில் கையொப்பம் இடுவதற்கு முன் இவற்றின் வேற்றுமையை அறிந்துகொள்வது அங்கத்தினர்களின் பணத்துக்கும் நிலத்துக்கும் நல்லது. ஆதலின் இம்மாதப் பாடத்தில் அன்னாசியையும், அதனைப் போன்ற தோற்றமுடைய வேறு சில வெப்ப நாட்டுக் கனிகளையும் பற்றிக் காண்போம்.

அன்னாசி நம் நாட்டுக்கு உரியதன்று. அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தின்போது, 1493ஆம் ஆண்டில், குவாதலூப் என்னும் தீவில் இக்கனியைக் கண்டார். பின்னர்ப் போர்த்துக்கீசியர் வாயிலாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அன்னாசி என்னும் பெயரும் அவர்கள் நாவழியே வந்ததுதான். அப்பெயரின் வேர் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் மொழியில் உள்ளது.

புதிய பொருள் ஒன்று வந்தால், மக்கள் அதற்குத் தாம் முன்பே அறிந்த பொருளைக் கொண்டே பெயரிடுவர். ஆங்கிலேயர் இக்கனியைக் கண்டபோது பைன் மரத்தின் காயை நினைந்து அதன் பெயரையே இதற்குச் சூட்டினர். ஸ்பானியரும் அவ்வாறே செய்தனர். நம் அண்டை நாட்டாராகிய மலையாளிகள் இட்ட பெயரோ இன்னும் நுட்பமானது. அவர்கள் இதனைக் ‘கைதச்சக்க’ என்பர். கைதை என்பது தாழை. பழந்தமிழிலும் அதற்கு அப்பெயர் உண்டு. சக்க என்பது பலா. இலையைப் பார்த்தால் தாழை, கனியைப் பார்த்தால் பலா என்று இரண்டையும் ஒருங்கே கண்டு பெயரிட்ட அக்குடியானவனை ஒரு தாவர நூல் வல்லுநன் என்றே சொல்லலாம். அக்பர் காலத்து நூலாகிய அயினி அக்பரியிலும் இதற்குப் ‘பயணப் பலா’ எனப் பொருள்படும் பெயர் ஒன்று காணப்படுகிறது. இளஞ்செடியைச் சட்டியில் வைத்துப் பயணத்தில் எடுத்துச் சென்றாலும் காய்க்கும் என்பது அதற்குக் காரணம்.

பலாவோடு ஒப்பிட்டது வெறும் தோற்றத்தால் மட்டும் அன்று. மாம்பழம் ஒரு பூவிலிருந்து உண்டான ஒரு கனி. அன்னாசி அப்படிப்பட்டதன்று. செடியின் நடுவிலிருந்து எழும் தண்டில் நூறு முதல் இருநூறு வரை சிறு பூக்கள் சுற்றிச் சுற்றி அமைகின்றன. ஒவ்வொரு பூவும் ஒரு சிறு கனியாகி, அக்கனிகள் எல்லாம் தம் அடியிலுள்ள செதில்களோடும் நடுத்தண்டோடும் ஒட்டி ஒரே உடலாகிவிடுகின்றன. நாம் தோல் சீவும்போது குடைந்தெடுக்கும் ஒவ்வொரு ‘கண்’ணும் ஒரு பூவின் அடையாளம். பலாவும் இவ்வாறே பல பூக்கள் கூடி ஆன கனி. சீத்தாப்பழமும் புறத்தே மேடுபள்ளமாக இருப்பதால் சிலர் அதனையும் இவ்வினத்தில் சேர்ப்பர்; அது தவறு. சீத்தா ஒரே பூவிலுள்ள பல சூலகங்கள் சேர்ந்து உண்டாவது. பலர் சேர்ந்து அமைத்த சங்கத்துக்கும், ஒரு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் கடைக்கும் உள்ள வேற்றுமை போன்றது இது என்று வைத்துக்கொள்ளலாம்.

தாழைக்காய்

இனித் தாழைக்கு வருவோம். தாழை வேறு குடும்பம். அன்னாசி வேறு குடும்பம். இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்பதைத் தவிர நெருங்கிய உறவு எதுவும் இல்லை. எனவே ‘காட்டு அன்னாசி’ என்பது வெறும் வழக்குச் சொல்லேயன்றி உண்மையன்று. எவ்வளவு உரமிட்டாலும் எத்தனை தலைமுறை பயிரிட்டாலும் தாழைக்காய் அன்னாசி ஆகாது.

தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மணம் வீசும் தாழம்பூ ஆண் மரத்தில் மட்டுமே பூப்பது. அன்னாசி போன்ற காய் பெண் மரத்தில் மட்டுமே காய்ப்பது. பூப்பறித்து விற்பவனுக்குக் காயைப் பற்றிய நினைவே இராது. காயைக் கண்டு வியப்பவன் அதே மரத்தில் பூவைத் தேடி ஏமாறுவான். இந்த ஒரு செய்தியை அறியாமல், விதையை முளைக்க வைத்துத் தாழைவேலி போட்டவர்கள் பின்னர் ‘பாதி மரம் பூக்கவேயில்லை’ என்று வருந்துவது உண்டு. பூவுக்காக வேலி வைப்போர் நன்றாகப் பூக்கும் மரத்தின் கிளைக்கன்றை எடுத்து நடுவதே முறை. ஒடிசா மாநிலத்துக் கஞ்சம் மாவட்டக் கரையோர ஊர்களில் வயல் வேலியாக நிற்கும் தாழையின் பூக்களைச் செம்புப் பாண்டங்களில் இட்டு வாலை வடித்து, கேவடா என்னும் வாசனைநீரும் அத்தரும் எடுக்கிறார்கள். பல ஊர்களின் வாழ்வே அதனால் நடைபெறுகிறது.

காய் முற்றினால் செம்மஞ்சள் நிறம் பெறும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அன்னாசியே கிளையில் தொங்குவதாகத் தோன்றும். ஹவாய்த் தீவில் இதனைச் சுற்றுலா வருவோரின் அன்னாசி என்று வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். வேற்றுமை அறிய நான்கு அடையாளங்கள் போதும். அன்னாசி தரையில் படர்ந்த இலைக்கொத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும். தாழைக்காய் விழுதூன்றி நிற்கும் மரத்தின் கிளை நுனியில் தொங்கும். அன்னாசியின் உச்சியில் இலைக்கொண்டை இருக்கும். தாழைக்காய்க்குக் கொண்டை இல்லை. அன்னாசியைக் குறுக்கே அரிந்தால் சாறு நிறைந்த ஒரே சதை. தாழைக்காயைப் பிளந்தாலோ ஆப்பு வடிவான தனித்தனித் துண்டுகளாகக் கழன்றுவிடும், ஒவ்வொன்றும் மரத்துண்டு போலக் கடினமாகவும் உட்புறம் நார் மிகுந்ததாகவும் இருக்கும். காயே இல்லாத காலத்தில் இலையைக் கவனிக்க வேண்டும். அன்னாசி இலையில் முள் இருப்பின் இரு விளிம்பிலும் மட்டுமே இருக்கும், சில வகைகளில் அதுவும் இராது. தாழை இலையிலோ இரு விளிம்புகளோடு அடிப்புறத்து நடுநரம்பிலும் முள் வரிசை உண்டு. இருட்டில் கைவைத்தவர்களும் மறக்கமாட்டார்கள்.

உண்ணத் தகுமா என்றால், நம் கரையில் வளரும் தாழையின் காய் உணவாகப் பயன்படுவது அரிது. தாழையினத்துக் காய்கள் பலவற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருத்தலின் பச்சையாகக் கடித்தால் வாயும் தொண்டையும் அரிக்கும். சிறுவர்கள் அன்னாசி என்று எண்ணிக் கடித்துவிடாதபடி பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை.

ஆயினும் தாழையினத்தையே சோறாகக் கொண்ட மக்களும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளிலும் கிரிபட்டியிலும் நிலம் வெறும் பவளமணல். நெல்லும் கோதுமையும் விளையா. அங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாக அரிப்பில்லாத, இனிப்பான தாழை மரங்களைத் தேர்ந்து, அவற்றின் கிளைகளையே நட்டுப் பெருக்கிப் பல பத்து வகைகளை உண்டாக்கியிருக்கின்றனர். துண்டின் அடிப்பாகத்திலுள்ள சதையைப் பச்சையாகச் சுவைப்பர். வேகவைத்துப் பிழிந்த கூழை வெயிலில் உலர்த்திப் பல மாதங்களுக்கு வைத்துக்கொள்வர். நீண்ட கடற்பயணத்துக்கு அதுவே கட்டுச்சோறு. நம் இந்திய நாட்டிலேயே நிக்கோபார்த் தீவுகளில் வளரும் பெருந்தாழை ஒன்றன் காய், பலாக்காய் அளவுக்குப் பருக்கும். நிக்கோபாரிகள் அதனைப் பானையில் வேகவைத்து, நாரினின்று மாவைப் பிரித்து, உருட்டி வைத்து உண்பார்கள். அது அவர்களின் பண்டைய முதன்மை உணவு. அந்த வகை வேறு, நம் ஊர்த் தாழை வேறு என்பது நினைவிருக்க வேண்டும்.

வேறு சில ஒப்புமைகள்

மேனாட்டார் பாணி மாளிகைகளின் தாழ்வாரத்தில், இலையில் ஓட்டை ஓட்டையாக உள்ள பெரிய கொடி ஒன்றை வளர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மான்ஸ்டீரா என்பது அதன் பெயர். மெக்சிக்கோ முதல் பனாமா வரை உள்ள காடுகளுக்கு உரியது. நம் சேம்பின் குடும்பம். நல்ல நிழலும் ஈரமும் உள்ள மலையூர்களில் இது காய்ப்பதும் உண்டு. காய் பச்சைச் சோளக் கதிர் போல நீண்டு, மேலே அறுகோணச் செதில்கள் பதித்திருக்கும். இதன் சுவையும் மணமும் அன்னாசியும் வாழைப்பழமும் கலந்தாற்போல் இருக்கும் என்பர் உண்டவர்கள். ஆனால் பழுக்க ஓராண்டுக் காலம் பிடிக்கும். அவசரப்பட்டுக் காயாக உண்டால் சேம்பைப் பச்சையாகத் தின்றவன் கதிதான். செதில்கள் தாமாகவே கழன்று விழும் பகுதியை மட்டும் உண்ணவேண்டும். விழாத பகுதியை மறுநாளைக்கு விடவேண்டும். ஒரு பழத்தைப் பல நாள் காத்திருந்து உண்ணும் பொறுமை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டா என்பது ஐயமே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈந்து மரத்து ஆண் கூம்பும் முதற்பார்வைக்கு அன்னாசியெனத் தோன்றும். மதனகாமப்பூ என்று மருந்துக் கடைகளில் விற்பது அதுவே. அது பூவும் அன்று, கனியும் அன்று. பூவாத் தாவரத்தின் மகரந்தக் கூம்பு. அம்மரத்தின் விதையில் நஞ்சு உண்டு. பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவி நஞ்சு நீக்கிய பின்னரே மலைவாழ் மக்கள் மாவாக்குவர். அறியாதார் அதனிடம் நெருங்காதிருப்பதே நலம். மரமும் அருகி வருகிறது.

அன்னாசியின் சொந்த உறவினர்களும் உளர். செந்நிறக் காயுடைய அழகு அன்னாசியும், கைப்பிடி அளவே காய்க்கும் சிற்றன்னாசியும் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கின்றன. அவை பூச்சாடிக்கும் வேலிக்கும் உரியன. மத்திய அமெரிக்காவில் பிரமேலியா என்னும் முட்செடியை ஆடுமாடு புகாத வேலியாக வைக்கின்றனர். செடி அன்னாசியே போலிருக்கும், கனிகளோ ஒன்றாக ஒட்டாமல் தனித்தனி மஞ்சள் காய்களாக நிற்கும். மெக்சிக்கோவில் நம் இரயில் கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த செடியின் இலைகளைச் சீவிய பின் நிற்கும் அடிக்கிழங்கு பேரன்னாசி போலத் தோன்றுவதால் அதனை அன்னாசியின் பெயராலேயே அழைத்து, சாராயம் வடிக்கின்றனர். அதுவும் கனியன்று.

கடன் கேட்போருக்கு

தாழையை அகற்றிவிட்டு அன்னாசி நடலாமா என்னும் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கூடாது என்பதே என் துணிபு. அன்னாசிக்கு வேண்டியது நீர் தேங்காத, சற்றே அமிலச் சார்புள்ள மண்ணும், கடுவெயிலும் உப்புக்காற்றும் இல்லாத ஈரமான தட்பவெப்பமும். கடல் மட்டத்துக்கு மேல் 500 முதல் 700 மீட்டர் வரை உயரமுள்ள மலைச்சரிவுகள் மிகவும் ஏற்றவை. நம் மாநிலத்தில் கொல்லிமலையிலும், கன்னியாகுமரி மாவட்டத்து இரப்பர்த் தோட்டங்களின் ஊடுபயிராகவும் இது விளைவதன் காரணம் இதுவே. எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசி 2009ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்கும் மழை மிகுதி. கடற்கரை மணலில் இக்கன்றை நடுவது கடனை மணலில் புதைப்பதாகும்.

மேலும் தாழை வீணே நிற்கவில்லை. அதன் ஊன்று வேர்கள் மணலைப் பிணித்து மேடு கரையாமல் காக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை, தாய்லாந்துக் கரைகளை ஆராய்ந்த அறிஞர்கள், நெருங்கி வளர்ந்த தாழம் புதர்கள் தம் விழுது வேர்களால் நீரோட்டத்தின் வேகத்தைத் தணிக்கவல்லன என்று எழுதினர். அலை மிக ஓங்கிய இடத்தில் அவையும் முறியும் என்பது உண்மையே. எனினும் சிறுபுயலுக்கும் அன்றாடக் காற்றுக்கும் எதிரே ஊருக்கு வாய்த்த காவல் அது. ஒரு பருவத்து வருவாயை எண்ணி அக்காவலை நீக்கும் மனுவுக்குச் சங்க நிர்வாகக் குழு இசையலாகாது.

தகுந்த மலைநிலம் உடைய அங்கத்தினர் அன்னாசி வைக்கக் கருதினால் சில செய்திகளை மனத்திற் கொள்க. விதை நடுவதில்லை. பக்கக்கன்று, காம்பில் தோன்றும் மேற்கன்று, உச்சிக்கொண்டை ஆகிய மூன்றும் நடத்தக்கவை. 300 முதல் 350 கிராம் எடையுள்ள பக்கக்கன்றும் மேற்கன்றும் சிறந்தன. ஒரே எடையுள்ள கன்றுகளாகப் பொறுக்கி நட்டால் ஒரே சமயத்தில் காய்க்கும். சங்கத்தின் வாயிலாகச் சேர்த்து விற்பதற்கு அது பேருதவி. அறுவடைக்கு 18 முதல் 24 மாதங்கள் ஆகும். ஆதலின் ஓராண்டுத் தவணையில் கடன் வாங்கி அன்னாசி நடுதல் கூடாது. காய் கைக்கு வருமுன் தவணை வந்துவிடும். கியூ என்னும் வகை பெரியது, இலையில் முள் குறைவு, டப்பாவில் அடைக்க ஏற்றது. குவீன் வகை சிறியது, முள் மிக்கது, உண்ண இனியது. இன்னொன்று: அன்னாசி பறித்தபின் மாம்பழம் போல் இனிப்பு ஏறுவதில்லை. நிறம் மாறலாம், சுவை பறித்த நாளின் சுவையே. தொலைவூர்ச் சந்தைக்கு என்று முற்றாக் காயை அறுத்து அனுப்பினால், வாங்கியவர் மறுமுறை அச்சங்கத்தின் பெயரையே கேட்கமாட்டார்.

இலையும் நாரும்

நெசவாளர் சங்கத்து நண்பர்கள் இதுவரை பொறுமையாகப் படித்தமைக்கு நன்றி. இனிவருவது அவர்களுக்கு.

காயறுத்த பின் அன்னாசியின் இலை பெரும்பாலும் குப்பைக்கே போகிறது. அவ்விலையினுள் பட்டுப் போன்ற மினுமினுப்புள்ள மெல்லிய நார் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பனாய்த் தீவிலே அக்லான் மாகாணம், அதன் தலைநகர் கலீபோ. அங்கு ஸ்பானியர் ஆண்ட காலந்தொட்டு அன்னாசி நாரால் துணி நெய்து வருகின்றனர். இலையைப் பலகையில் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் மேற்சதையைச் சுரண்டினால் முதலில் முரட்டு நார் வெளிப்படும். அதனை நீக்கியபின் தேங்காய்ச் சிரட்டையால் மென்மையாகச் சுரண்டி உள்நாரை எடுப்பர். கழுவி, உலர்த்தி, சிக்கெடுத்து, ஒவ்வொரு நாரின் நுனியையும் அடுத்த நாரோடு கையாலேயே முடிந்து நீட்டுவர். முறுக்கு ஏற்றுவதில்லை என்பதை நம் நெசவாளர் கவனிக்க. முடிச்சின் வாலை நறுக்காவிடில் அச்சுப்பல்லில் சிக்கி இழை அறும். ஆதலின் ஒருத்தி நாள் முழுதும் முடிந்தாலும் சேரும் நூல் கொஞ்சமே. அத்துணியில் தைத்த மேற்சட்டைதான் அந்நாட்டு ஆடவரின் சிறப்புநாள் உடை. பட்டிழையோடு கலந்து நெய்வதும் உண்டு. இக்கைத்தறி நெசவை 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

நம் நாட்டிலும் இலையைச் சுரண்டி நாரெடுக்கும் பொறிகள் வந்திருக்கின்றன. சென்னைக்கு அண்மையிலுள்ள அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநார், அன்னாசி நார் முதலியவற்றைப் பருத்தியோடு கலந்து சேலை நெய்து பெயர் பெற்றுள்ளனர். ஆனால் கணக்கறியாமல் இறங்கலாகாது. பச்சிலையின் எடையில் நூற்றுக்கு 2.5 முதல் 3.5 பங்குதான் நார் கிடைக்கும். 100 கிலோ இலை சுமந்து வந்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 3 கிலோ. ஆகவே இலையை நெசவூருக்கு ஏற்றி வருவது வண்டிக்கூலிக்கே போதாது. தோட்டத்தருகிலேயே நாரெடுத்து, நாரை மட்டும் அனுப்ப வேண்டும். பயிரிடுவோர் சங்கம் நாரெடுக்க, நெசவாளர் சங்கம் வாங்கிக்கொள்ள, இரு சங்கங்களும் விலையை முன்பே எழுத்தில் உறுதி செய்துகொண்ட பின் பொறி வாங்குவது முறை. வாங்குவோரைக் காணுமுன் பொறியைக் காணச் சென்றவர்களின் பொறிகள் துருப்பிடித்துக் கிடப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன்.

தாழை இலைக்கோ நூலும் வேண்டா, தறியும் வேண்டா. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துத் தழவா என்னும் ஊர் தாழம்பாய்க்குப் பேர்போனது. ஹவாய் முதலிய தீவுகளில் பாய், தொப்பி, கூடை யாவும் தாழை இலையே. முற்காலத்தில் தோணியின் பாயும் அதனாலேயே பின்னினர். நம் பத்தமடைக் கோரைப்பாய் பருத்திப் பாவில் நெய்யப்படுவது; தாழம்பாய் இரு கையாலும் மூலைவாட்டாகப் பின்னப்படுவது. மூதாட்டியரும் வீட்டிலிருந்தே செய்யலாம். முற்றிய இலையை அறுத்து, இரு விளிம்பு முள்ளையும் நடுநரம்பு முள்ளையும் சீவி நீக்கி, சுருளாகக் கட்டிக் கொதிநீரில் வேகவைத்து, ஊறவிட்டு, நல்ல வெயிலில் உலர்த்தினால் இலை வெளுத்து மென்மையாகும். பின்னர் ஒரே அகலக் கீற்றுகளாகக் கிழித்துப் பின்ன வேண்டியதே. அறுக்கும்போது கிளையின் கீழடுக்கு இலைகளை மட்டும் எடுத்து நடுக்குருத்தைத் தொடாமல் விட்டால், அதே புதரில் மறுபடியும் இலை அறுக்கலாம்.